ஒரு சிசி பால்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை இன்குபேட்டரில் இருக்கும்போது பெற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை? ஜொகூர் பாருவிலிருந்து ஒரு தாய் எழுதுகிறார்.

என் மகள் முதன்முதலில் குடித்த பால் ஒரு சிசி. பிறந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. சிசேரியன் தையலைக் கையால் அழுத்திப் பிடித்திருந்த என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்குபேட்டரின் வட்ட வாசல் வழியாக ஊசி இல்லாத ஒரு குட்டி சிரிஞ்ச் உள்ளே போனது. அன்று காலை அரை மணி நேரம் பிழிந்து நான் எடுத்த சீம்பால் அதன் அடியில் மஞ்சளாக, தேன்போல் கெட்டியாக இருந்தது. வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் டியூபில் சிரிஞ்சைப் பொருத்திய தாதி அதை அமுக்கவில்லை. உயர்த்திப் பிடித்தார், அவ்வளவுதான். பால் தன் போக்கில் இறங்கியது. "பாத்துக்கோங்கக்கா, இன்னிக்கு அவளுக்கு இதுதான் விருந்து" என்றார்.

2020 ஜூலை 14 அன்று பிறந்தாள். வயிற்றில் இருந்தது 28 வாரம் 3 நாள். எடை 1,040 கிராம். கடையில் விற்கும் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைவிட நாற்பது கிராம் கூடுதல். இன்றும் மளிகைக் கடையில் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தால் ஒரு நொடி அப்படியே நின்றுவிடுகிறேன்.

இதை எழுதக் காரணம், எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள். ஸ்கூடாயிலிருந்து, மாசாயிலிருந்து, கூலாயிலிருந்து, யாரோ ஒருவரின் தங்கை, யாரோ ஒருவரின் மருமகள். "குழந்தையை ஐசியூவில் வச்சிருக்காங்க, நாங்க என்ன செய்யணும்?" அவர்களைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்: "டாக்டர்ங்க பாத்துப்பாங்க. நீ வீட்டுல படுத்து உடம்பைத் தேத்திக்கோ." என் வீட்டிலும் அதையே சொன்னார்கள். அன்பில் சொன்னதுதான். ஆனாலும் அது தவறு. அந்தப் பிள்ளைக்கு வேண்டிய சிகிச்சையில் ஒரு பங்கு பெற்றவர்களின் உடம்பில்தான் இருக்கிறது. மருந்தகத்தில் அது கிடைக்காது.

*

நம் நாட்டில் கர்ப்பிணிகளின் கிளினிக் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறப் பொட்டு ஒட்டுவார்கள். ஆபத்து கூடக் கூட நிறம் மாறும். சிவப்பு என்றால் வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனை. என் புத்தகத்தில் இருந்தது பச்சை. இரண்டு நாளாகத் தலைவலி, கண்முன்னே மின்மினி பறப்பதுபோல் ஒளிப்புள்ளிகள். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்த மிஸ்ஸி இன்னொரு முறை பார்த்தார். பிறகு வேறு கருவி கொண்டு வந்து பார்த்தார். சிறுநீரைச் சோதித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சிவப்புப் பொட்டைக் கிழித்து ஒட்டினார்.

பிரீஎக்லாம்ப்சியா. கரு தங்கிய முதல் மாதங்களில் நஞ்சுக்கொடி கருப்பையில் சரியாக வேர்பிடிக்காமல் போவதிலிருந்து தொடங்கும் கோளாறு அது. பல வாரம் கழித்துத் தாயின் ரத்த அழுத்தமாக, சிறுநீரில் புரதமாக வெளியே தெரியும். பிள்ளையையும் நஞ்சையும் வெளியே எடுத்தால்தான் தீரும். பப்பாளி தின்றதாலோ, வாளி தூக்கியதாலோ, மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனதாலோ வருவதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குறைமாதப் பிள்ளையைப் பெற்றவளிடம் ஊரும் உறவும் முதலில் கேட்பது, "என்னம்மா செஞ்சே?" என்பதைத்தான். அவர்கள் கேட்பதற்கு முன்பே அவள் அதைத் தனக்குள் நூறு முறை கேட்டிருப்பாள்.

"ஏழு மாசம் பிழைச்சுக்கும், எட்டு மாசம்தான் ஆகாது" என்று ஒரு பெரியம்மா ஆறுதல் சொன்னார். நம்மிடையே வெகுகாலமாக இருக்கும் நம்பிக்கை அது. உண்மை நேர் எதிர். வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம். அதனால்தான் மருத்துவர்கள் இரண்டு நாள், மூன்று நாளுக்காகக்கூடப் போராடுகிறார்கள். பெரிய வசதி இல்லாத ஊரில் பிள்ளையைப் பெற்றுவிட்டு ஆம்புலன்சில் ஏற்றுவதைவிட, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்பிவிடுவது நல்லது என்பதும் அதே கணக்குதான். மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்கத் தாயின் வயிற்றைவிடப் பாதுகாப்பான இன்குபேட்டர் கிடையாது.

எனக்குக் கிடைத்தது மூன்று நாள். அதற்குள் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பிள்ளையின் நுரையீரலை அவசரமாக முதிர வைக்கும் மருந்து. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டிகளிடம் இதைக் கண்டார். முன்கூட்டியே பிறந்தும் மூச்சு விட்ட குட்டிகள். பிறகு ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1972இல் முடிவை வெளியிட்டார்.

பிறந்த பிறகு என் மகளின் நுரையீரலுக்குள் சர்ஃபக்டன்ட் என்ற மருந்தைக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். நுரையீரலின் நுண்ணறைகள் ஈரப் பிளாஸ்டிக் பைபோல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுக்குப்பொருள் அது. 28 வாரப் பிள்ளைக்கு அது போதுமான அளவு சுரந்திருக்காது. அது இல்லாததால்தான் இந்தப் பிள்ளைகள் மூச்சுத் திணறுகின்றன என்று மேரி எலன் ஏவரி கண்டுபிடித்தது 1959இல். மருந்தாகக் கொடுத்துப் பிழைக்க வைத்ததை ஜப்பானின் ஃபுஜிவாரா உலகுக்குச் சொன்னது 1980இல். இடையில் 21 ஆண்டுகள். அந்த இடைவெளியில், 1963 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். இரண்டு நாள்கூட முழுதாக இருக்கவில்லை. உலகின் மிகச் செல்வாக்குள்ள தகப்பனால் வாங்கித் தர முடியாத மருந்து, மூன்றாம் வகுப்புப் படுக்கைக்கு நாளுக்கு 3 வெள்ளி வாங்கும் நம் அரசு மருத்துவமனையில் ஒரு கிலோ எடையுள்ள என் மகளுக்குக் கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. குடியுரிமை இல்லாத தாய்மார்களுக்கு அந்த 3 வெள்ளிக் கணக்கு செல்லாது என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது. எதிர்ப் படுக்கையில் இருந்த இந்தோனேசியப் பெண் ஒவ்வொரு நாளையும் பணமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

இத்தனை நடக்கும்போது என் கணவர் அக்கரையில் இருந்தார்.

ஜொகூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பாலம் கடந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். 2020 மார்ச் 16 இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தார்கள். மறுநாள் இரவு மூட்டை முடிச்சோடு பாலத்தில் நடந்தவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் அவரும் ஒரு முதுகுப்பையோடு போனார். "ரெண்டு வாரம்தானே" என்றார். முதலில் அறிவித்தது இரண்டு வாரத்துக்குத்தான். எனக்கு அப்போது மூன்றாம் மாதம் தொடங்கியிருந்தது.

குடிமகன் என்பதால் அவர் எந்த நாளும் திரும்பி வரலாம். வந்தால் தனிமைப்படுத்தல், அதன்பின் வேலைக்குத் திரும்ப வழியில்லை. வீட்டுக் கடன், கார் கடன், இப்போது பிள்ளை. உட்லண்ட்ஸில் நான்கு பேர் தங்கிய அறையில், மற்றவர்கள் தூங்கிய பிறகு கழிவறைக்குள் நின்றுகொண்டு பேசுவார். அவர் கேட்ட முதல் கேள்வி "கண் திறந்தாளா?"

ஊரெங்கும் நோய்க்காலம். வார்டுக்குள் தாய் மட்டும், அதுவும் நாளுக்கு ஒரு மணி நேரம். என் அம்மா தன் பேத்தியைக் கண்ணால் பார்க்கவில்லை. பல நாடுகளிலும் இப்படித்தான் கதவைச் சாத்தினார்கள். தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் தோலோடு தோலாக வைத்திருந்தால் 1,25,000 பச்சிளங்குழந்தைகளின் உயிரைக் காக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் சொன்னது. அதைப் படித்தபோது என் மகள் வீட்டில் தவழ முயன்றுகொண்டிருந்தாள்.

வார்டிலிருந்து திரும்பும் வழியில் லிடோ கடற்கரைச் சாலையில் தங்கை காரை ஓரம் கட்டுவாள். நீரிணைக்கு அப்பால் உட்லண்ட்ஸ் கட்டடங்களில் விளக்கு எரியும். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். 1924இல் திறந்த பாலம்.

*

பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் முதலில் நம்மைத் தாக்குவது சத்தம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மானிட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சேச்சுரேஷன்) இறங்கினால் ஒரு ஒலி, இதயத்துடிப்பு குறைந்தால் வேறு ஒலி. இந்தப் பிள்ளைகள் மூச்சு விட மறந்துபோவார்கள். மூளையில் மூச்சை நடத்தும் இடம் இன்னும் முதிரவில்லை. அதற்குத்தான் தினமும் கஃபீன் கொடுக்கிறார்கள், நாம் குடிக்கும் கோப்பியில் இருக்கும் அதே கஃபீன். மணி அடித்ததும் தாதி வந்து உள்ளங்காலை விரலால் சுண்டுவார். பிள்ளைக்கு மூச்சு ஞாபகம் வரும். எண் 78லிருந்து 85க்கு ஏறும், பிறகு 92. எனக்குக் கிடைத்த ஒரு மணி நேரம் முழுக்க அந்தப் பச்சை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெஷினைப் பாக்காதீங்கக்கா. அதைப் பாக்க நாங்க இருக்கோம். நீங்க பிள்ளையப் பாருங்க." சிகாமட்டிலிருந்து வந்த தமிழ்த் தாதி சொன்னது. என் மகள் மேல் இருந்த சீட்டில் அப்போது அவளுக்குப் பெயர்கூட இல்லை. 'பேபி ஆஃப்', அதன் பக்கத்தில் என் பெயர். எனக்குச் சொந்தமான ஒரு பொருளைப் போல.

தொடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நமக்குத் தெரிந்த தொடுதல், தடவிக்கொடுப்பது. ஒரு கிலோ பிள்ளைக்கு அது ஆகாது. நரம்புகள் தாங்காமல் துடித்துப்போகும், ஆக்சிஜன் இறங்கும். கையை முழங்கைவரை கழுவி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு கையைத் தலையில் தொப்பிபோல் கவிழ்த்து, மறு கையால் மடக்கிய கால்களைக் கூட்டிப் பிடித்து, அசையாமல் இருக்க வேண்டும். வயிற்றுக்குள் சுற்றிலும் சுவர் இருந்ததல்லவா, அந்தச் சுவராக நாம் மாற வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் அவளுடைய புருவச் சுருக்கம் அவிழும். அந்தப் புருவத்தைப் பார்க்கக் கற்ற பிறகுதான் மானிட்டரிலிருந்து என் கண் விலகியது.

நான்காம் நாள் அவள் நீல வெளிச்சத்தில் கண்கட்டோடு கிடந்தாள். மஞ்சள் காமாலை. பச்சிளங்குழந்தைகள் வார்டில் சேர்வதற்கு மிகச் சாதாரணக் காரணங்களில் ஒன்று அது. நீல விளக்கின் பின்னால் ஒரு தாதியின் கண் இருக்கிறது என்பதைப் பிறகு படித்தேன். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற தலைமைத் தாதி குறைமாதப் பிள்ளைகளை வெயில் காட்ட முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் ஒரு பிள்ளையின் உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணியின் நுனி மறைத்திருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதை மருத்துவர்களிடம் காட்டினார். அதிலிருந்து பிறந்தது இந்தச் சிகிச்சை. வீட்டில் பிள்ளையை வெயிலில் போட்டால் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. ரத்தத்தில் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் எவ்வளவு என்று அளந்துதான் முடிவெடுக்க வேண்டும். அளவு மீறினால் மூளையைத் தாக்கும்.

*

பால்தான் என் வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நள்ளிரவு, விடியற்காலை மூன்று மணி உட்பட. முதல் வாரம் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு தேக்கரண்டி வந்தால் அதிசயம். பாட்டிலில் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டி, ஐஸ் பையில் வைத்து மறுநாள் கொண்டுபோவேன். குறைமாதப் பிள்ளையின் குடல் கண்ணாடிபோல மெல்லியது. அது அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. பால்மாவு குடிக்கும் பிள்ளைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது குறைவாக வருகிறது. ஆகவே அந்தப் பாட்டிலில் நான் கொண்டுபோனது மருந்து.

வெளிநாடுகளில் தாய்ப்பால் வங்கி உண்டு. ஆசியாவில் முதல் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இருக்கின்றன. மலேசியாவில் நிலைமை வேறு. ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் இஸ்லாமிய முறைப்படி உடன்பிறப்புகள் ஆகிவிடுவார்கள், பின்னாளில் மணம் செய்துகொள்ள முடியாது. யார் பால் யாருக்குப் போனது என்று தெரியாத வங்கி கூடாது என்று தேசிய ஃபத்வா குழு 2011இல் முடிவெடுத்தது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அப்படியானால் நம் வார்டுகளில் பெற்ற தாயின் பாலுக்கு இருக்கும் மதிப்பு இன்னும் கூடுகிறது. அவள் வீட்டில் படுத்திருந்தால் பால் எங்கிருந்து வரும்?

அங்கேதான் என் அம்மாவோடு முட்டிக்கொண்டேன். "பச்சை உடம்புடி. முப்பது நாள் வாசப்படி தாண்டக் கூடாது." கூலாய்ப் பக்கம் தோட்டத்தில் ஐந்து பிள்ளை பெற்றவர். காற்றுப் படக்கூடாது, குளிர்ந்த தண்ணீர் ஆகாது, கண்ணில் நீர் விடக்கூடாது. அழுதுகொண்டே சண்டை போட்டோம். மறுநாள் காலை அம்மா என் காதில் பஞ்சு அடைத்தார், தலைக்குத் துண்டு கட்டினார், காலுக்கு உறை மாட்டினார், காரில் ஏர்கான் போடக்கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கினார். பிறகு சமையல் கட்டுக்குள் போனவர் ஒன்பது வாரம் வெளியே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக் கீரை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தையல் ஆறட்டும் என்று ஹாருவான் மீன் சூப் கொண்டுவந்தார், நம்ம விரால் மீன்தான். "பேத்திக்கு என் கையால ஊட்ட முடியல. உனக்கு ஊட்டுனா அவளுக்குப் போகுமில்ல?" என்று ஒரு நாள் கேட்டார் அம்மா. போகும் என்றேன். பத்தியத்தையும் மருத்துவமனையையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை என்று அன்று புரிந்தது. தாயைத் தேற்றுவது பத்தியத்தின் நோக்கம் என்றால், அவள் பிள்ளையிடம் போய்வரத் தெம்பு கொடுப்பதும் அதில் சேரும்.

*

பதினெட்டாம் நாள் என் சட்டைக்குள் அவளை வைத்தார்கள். அதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், ஒருவர் பிள்ளையைத் தூக்க, ஒருவர் மூக்கில் காற்றழுத்தம் தரும் சிபாப் குழாயைத் தாங்க. நெஞ்சில் எடையே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. ஈரமான வெற்றிலையை ஒட்டி வைத்ததுபோல் இருந்தது. பத்து நிமிடத்தில் அவள் மூச்சு என் மூச்சின் தாளத்துக்கு வந்ததாக எனக்குத் தோன்றியது.

கங்காரு முறை என்பார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள், தொற்று, சாவு. எட்கர் ரே என்ற மருத்துவர் பிள்ளைகளைத் தாய்மாரின் நெஞ்சில் கட்டிவிட்டார். ஏழை நாட்டின் மாற்று வழி என்று பல காலம் நினைத்தார்கள். பிள்ளை தேறி நிலைப்பட்ட பிறகுதான் நெஞ்சில் வைக்கலாம் என்பது அப்போது பெரும்பாலும் வழக்கமாக இருந்தது, எனக்கும் அப்படித்தான். அதையும் மாற்றியது 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு. டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்தியது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகள். தேறட்டும் என்று காத்திருக்காமல் பிறந்தவுடனே நெஞ்சில் வைத்த பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 12. வழக்கப்படி காத்திருந்தவர்களில் கிட்டத்தட்ட 16. இதற்காக அந்த மருத்துவமனைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டன. 2022 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இதையே எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

தாய்க்குக் கட்டில். விலை உயர்ந்த எந்திரத்துக்கு நிதி கேட்கும் நாம் இதையும் கேட்க வேண்டும். சாயும் நாற்காலி ஒன்று, மறைக்க ஒரு திரை, பால் எடுக்கக் கதவுள்ள ஓர் அறை. பல நாள் நான் மாடிப்படிக்கு அடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு பால் எடுத்தேன்.

நான் அங்கே இருந்த அதே மாதங்களில் அக்கரையில் இன்னொரு பிள்ளை இருந்தது என்று அடுத்த ஆண்டு செய்தியில்தான் அறிந்தேன். 2020 ஜூன் 9, சிங்கப்பூர் நேஷனல் யுனிவர்சிட்டி ஹாஸ்பிடல். பெற்றோர் மலேசியர்கள். பிரசவத்துக்கு ஊர் திரும்ப நினைத்திருந்த தாய்க்கு எனக்கு வந்த அதே பிரீஎக்லாம்ப்சியா. 25 வாரம்கூட நிறையவில்லை. மருத்துவர்கள் 400 கிராமுக்கு மேல் எதிர்பார்த்தார்கள், இருந்தது 212 கிராம். நீளம் 24 சென்டிமீட்டர். மருந்தின் அளவைத் தசம புள்ளிக்குப் பின்னால் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். பதின்மூன்று மாதம் கழித்து 6.3 கிலோ எடையோடு வீட்டுக்குப் போனது. பிழைத்த பிள்ளைகளில் உலகிலேயே மிகக் குறைந்த எடையில் பிறந்தது அதுதான் என்று அப்போது சொன்னார்கள். செலவுக்கு முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் 3,66,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். செய்தியைப் படித்ததும் கணவரிடம் காட்டினேன். "நான் இருந்த ஊருல," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எல்லாப் பிள்ளையும் வீட்டுக்குப் போவதில்லை. மூன்று பெட்டி தள்ளி, கோத்தா திங்கியிலிருந்து வந்த மலாய்ப் பெண்ணின் மகன் இருந்தான். நாங்கள் இருவரும் ஒரே தொட்டியில் கை கழுவுவோம். "பெராப்பா கிராம் ஹாரி இனி?" இன்றைக்கு எத்தனை கிராம் என்று ஒருவரை ஒருவர் கேட்பதுதான் எங்கள் நட்பு. ஒரு நாள் காலை அந்தப் பெட்டி துடைத்துச் சுத்தமாக, விளக்கு அணைந்து இருந்தது. அவளை நான் மறுபடி பார்க்கவில்லை. கடைசி வரை மகனின் காலைக் கூட்டிப் பிடித்திருந்தாள் என்று தாதி சொன்னார். அவன் நாற்பத்தொரு நாள் இருந்தான். அந்த நாற்பத்தொரு நாளும் அவள் அவனுக்கு அம்மாவாக இருந்தாள்.

*

விடுப்புக் கணக்கைச் சொல்லாமல் இதை முடிக்க மாட்டேன். அப்போது தனியார் நிறுவனங்களில் பிரசவ விடுப்பு 60 நாள். என் அறுபதாம் நாள் செப்டம்பர் 11. மகள் வீட்டுக்கு வந்தது எழுபத்தோராம் நாள், செப்டம்பர் 22. அதாவது பிள்ளை வீட்டுக்கு வருமுன்பே பிள்ளைக்கான விடுப்பு தீர்ந்துபோனது. சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாளாகியிருக்கிறது, தகப்பனுக்கு 7 நாள் கிடைக்கிறது. நல்ல மாற்றம். ஆனாலும் என் கணக்கில் அது மிச்சம் வைப்பது 27 நாள். 25 வாரத்தில் பிறந்த பிள்ளையின் தாய்க்கு அதுவும் மிஞ்சாமல் போகலாம்.

ஜொகூர்த் தகப்பன்மாரின் நிலை இன்னும் மோசம். மலேசியச் சட்டத்தின் 7 நாள், சிங்கப்பூர் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. சிங்கப்பூர் அரசு சம்பளம் தரும் தகப்பன் விடுப்பு, பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால்தான். இரண்டு சட்டத்துக்கும் நடுவில், பாலத்தின் மேல் நிற்கிறார் அவர். பிரிட்டனில் 2023இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். பிள்ளை பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்கும் காலத்துக்கு ஈடாகத் தாய் தகப்பன் இருவருக்கும் 12 வாரம் வரை தனி விடுப்பு, வழக்கமான விடுப்பு தீர்ந்தபின். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தச் சட்டத்தை எடுத்துப் பார்க்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

*

ஆகஸ்ட் 17 முதல் மூன்று மாதத்துக்கு மேல் அக்கரையில் தங்கிய தொழிலாளர்கள் குறுகிய விடுப்பில் வந்து திரும்ப இரு நாடுகளும் வழி செய்தன. கணவர் விண்ணப்பித்தார், வந்தார், தனிமை நாட்களைக் கழித்தார். செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு ஐம்பத்தைந்து நாள், 1,790 கிராம். சிபாப் போய் மூக்கில் மெல்லிய குழாய் மட்டும் இருந்தது. தகப்பனுக்கு ஒரு முறை அனுமதி என்றார்கள்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மூன்று முறை கை கழுவினார். சட்டைப் பொத்தானை அவிழ்க்கத் தடுமாறியபோது சிகாமட் தாதி, "மெதுவாண்ணே, அவ எங்கயும் போக மாட்டா" என்றார். நாற்காலியில் சாய்ந்ததும் பிள்ளையை அவர் நெஞ்சில் குப்புற வைத்துப் போர்வையால் மூடினார்கள். அவர் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் நின்றது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து காட்டினேன்: ஒன்று தலையில், ஒன்று காலில், அசைக்கக் கூடாது. அப்படியே வைத்தார்.

பெயரைத் தகப்பன் வந்துதான் சொல்ல வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்ததால் அன்றுவரை அவள் 'பேபி ஆஃப்'தான். அவர் குனிந்து, முகக்கவசத்தோடு, அவள் வலது காதருகே மூன்று முறை எதையோ சொன்னதைப் பார்த்தேன். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை. தாதி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "எப்படி எழுதணும்ணே?" என்று கேட்டார்.